நாலு வாசல், ஓர் இட்லிக் குண்டான்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கரண்ட் இப்போதைக்கு வராது என்று அன்று மதியமே தெரிந்துவிட்டது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் தண்ணீர் இல்லை. கடலூர் புதுப்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் ஒரு பழைய அடிபம்பு துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தது, பிடுங்கிப் போட மனசில்லாமல் விட்டு வைத்தது. அந்த அடிபம்பை நம்பித்தான் என் கல்லூரித் தோழிகள் வந்து சேர்ந்தார்கள். பண்ருட்டிக்காரிக்கு வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது, கொல்லையில் நின்ற பலாமரங்கள் சாய்ந்துவிட்டன. புதுச்சேரிக்காரிக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. நெய்வேலிக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற இரண்டு பேரும் என் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஒன்பது நாள். ஒரு கேஸ் அடுப்பு, என் மாமியார் காலத்து இருபத்துநாலு இட்லிக் குண்டான், ஒரு கட்டு மெழுகுவர்த்தி.

அந்த ஒன்பது நாளைத்தான் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கல்யாண வீடு, துக்க வீடு எங்கே பார்த்தாலும் கடைசியில் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். "ரிட்டயர்டு ஆனப்புறம் ஒண்ணா இருந்துடணும்டி" என்று யாராவது ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் தலையாட்டுவோம். பேச்சு பேச்சாகவே இருந்தது.

இப்போது அது பேச்சில்லை. நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாகிவிட்டது. நெய்வேலிக்காரி கல்யாணம் செய்துகொள்ளாதவள், அங்கே நிலக்கரி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த டவுன்ஷிப்பில் அவளுக்கென்று ஒரு செங்கல் கிடையாது. புதுச்சேரிக்காரிக்கு மகன் பிரான்ஸில். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் வந்து, ஒரே நாளில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தபோது, ரெயின்போ நகரில் தன் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீருக்கு நடுவே கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து மகனுக்கு வீடியோ காலில் தண்ணீரைக் காட்டிக்கொண்டிருந்தாள். பண்ருட்டிக்காரிக்குக் கணவர் இருக்கிறார், முட்டிவலியும் இருக்கிறது. இரண்டில் எது பெரிய சுமை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகவே இந்த வருஷம் ஒரு நோட்டு போட்டேன். என்னென்ன வழி இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று எழுதி வந்தேன். எங்களைப் போலப் பேசிக்கொண்டே காலத்தைத் தள்ளும் கூட்டம் ஊரில் நிறைய உண்டு என்பதால் அதையே இங்கே விரித்து எழுதுகிறேன். எல்லா வழிக்கும் நான் கேட்டுக்கொண்ட கேள்வி இரண்டு: சண்டை வந்தால் ஒருத்தி கதவைச் சாத்திக்கொள்ள இடம் இருக்கிறதா? ஒருத்தி விலகினாலோ கண்ணை மூடினாலோ மீதி மூன்று பேர் தெருவில் நிற்காமல் இருப்பார்களா?

முற்றம் வைத்த வீடு

முதல் ஆசை எல்லாருக்கும் ஒன்றுதான். புதுச்சேரியில் தமிழர் வாழும் பகுதிகளில் இன்னும் சில வீடுகள் மிச்சமிருக்கின்றன. தெருவைப் பார்த்துத் தாழ்வாரமும் திண்ணையும், உள்ளே போனால் தூண் வைத்த முற்றம், சுற்றிலும் அறைகள், மேலே மச்சு. அந்த மாதிரி ஒரு வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு ஓர் அறை, நடுவே முற்றம், ஒரே அடுப்படி. நினைத்தாலே பாதி வியாதி குணமாகிற மாதிரி இருக்கும்.

தேடப் போனபோது முதல் அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. நல்ல வீடுகளில் பாதி தங்கும் விடுதியாகவோ காபிக் கடையாகவோ மாறியிருந்தன. மீதியில் ஒரு வீட்டுக்காரர் போனில் கேட்ட முதல் கேள்வி, "ஃபேமிலியா, பேச்சுலரா?" அறுபத்தொரு வயதில் எனக்கு இப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. தோழிகள் என்றேன். "உறவு இல்லையா?" என்றார். இல்லை என்றேன். "சொந்தக்காரங்கன்னு சொல்லிக்கலாமே" என்று அவரே வழியும் காட்டினார். மூன்றாவது வீட்டிலிருந்து நாங்கள் ஒன்றுவிட்ட அக்கா தங்கைகள் ஆகிவிட்டோம். கவிச்சி சாப்பிடுவீர்களா என்ற கேள்விக்கு மட்டும் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். கடலூர்க்காரியாகப் பிறந்துவிட்டுச் சங்கரா மீனை மறைத்து வாழ முடியாது.

கிடைத்த ஒரு வீட்டுக்கு முப்பத்தையாயிரம் வாடகை சொன்னார்கள், பத்து மாத அட்வான்ஸ். நாலு பங்காகப் பிரித்தால் தாங்கும். ஆனால் பிரிப்பது எப்படி? முன்னறை பெரியது, காற்று வரும். பின்னறைக்குப் பகலிலும் விளக்கு வேண்டும். மச்சில் இருக்கும் அறைதான் அழகு, ஆனால் ஏணி மாதிரி படிக்கட்டு, பண்ருட்டிக்காரியின் முட்டி அதைப் பார்த்தே அழும். கக்கூஸ் இரண்டு, அதில் ஒன்று கொல்லைக் கடைசியில். அறைக்கு அறை வாடகையை மாற்றலாமா என்று கேட்டேன். "நமக்குள்ள என்னடி கணக்கு" என்றார்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நமக்குள்ள கணக்கா" என்று தொடங்கிய குடும்பங்கள் கோர்ட்டில் முடிந்ததை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

அதனால் ஓர் ஒத்திகை பார்த்தோம். தண்ணீர் வடிந்து வெள்ளையடித்த பிறகு, ரெயின்போ நகர் வீட்டிலேயே நான்கு பேரும், பண்ருட்டிக்காரியின் வீட்டுக்காரரும், இருபது நாள் இருந்தோம்.

முதல் வாரம் தேன். பாட்டு என்ன, பல்லாங்குழி என்ன. இரண்டாவது வாரத்தில்தான் வீடு வாயைத் திறந்தது. நெய்வேலிக்காரி ஷிஃப்ட் சைரனுக்குப் பழகிய உடம்பு, காலை நாலே முக்காலுக்கு மிக்ஸியைப் போடுவாள். புதுச்சேரிக்காரி ராத்திரி பன்னிரண்டு வரை மகனோடு பேசுவாள், அங்கே அப்போதுதான் சாயங்காலம். செவ்வாய், வெள்ளி ஒருத்திக்கு மீன் ஆகாது. அதே ஃபிரிட்ஜில் இன்னொருத்தியின் நெத்திலி. டிகாக்ஷன் யார் கடைசியாக எடுத்தது என்பதற்கு ஒரு விசாரணைக் கமிஷனே வைக்கலாம். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்றுதான் நடந்தது. பண்ருட்டிக்காரியின் கணவர் நல்ல மனுஷர், சொன்ன வேலை செய்வார், வாயே திறக்க மாட்டார். ஆனால் அவர் ஹாலில் உட்கார்ந்தால் நாங்கள் மூன்று பேரும் தானாக எழுந்து உள்ளே போனோம். நைட்டியோடு நடமாட முடியவில்லை, வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. அதை உணர்ந்துகொண்டு அவர் நாள் முழுவதும் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். மார்கழிப் பனியில். அதைப் பார்த்துவிட்டு அவளுக்கு அழுகை, அவளைப் பார்த்து எங்களுக்கு. யார் மேலும் தப்பில்லை. வீட்டில் இன்னொரு கதவு இல்லை, அவ்வளவுதான்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே கிணறு, ஒரே கக்கூஸ், ஏழு குடும்பம் என்று வாழ்ந்த தலைமுறை நம்முடையது. அதிலும் யாரும் அடுப்பைப் பொதுவாக்கவில்லை. எட்டுக்கு எட்டு அறையாக இருந்தாலும் மூலையில் தன் அடுப்பு என்று ஒன்று இருந்தது. பொது அடுப்பு எங்கே நிற்கிறது என்றால் வடலூரில் நிற்கிறது. 1867 மே 23-ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஆனால் அங்கே சமைப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், சாப்பிட வருகிறவர் உப்பு போதவில்லை என்று முகம் சுளிப்பதில்லை. எங்கள் நாலு பேரில் மூன்று பேர் நாற்பது வருஷம் ஒரு அடுப்படிக்கு ராணியாக இருந்தவர்கள். நான்காவது ஆள் மெஸ் சாப்பாட்டிலேயே வளர்ந்தவள், அவளுக்குத்தான் பிரச்சினையே இல்லை.

தாளில் உள்ள சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். வாடகை ஒப்பந்தத்தில் ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போட்டால் மற்ற மூவரும் சட்டத்தின் கண்ணில் விருந்தாளிகள். அவளுக்கு ஏதாவது ஆனால் வீட்டுக்காரர் எங்களை யார் என்று கேட்கலாம். நான்கு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். வீடு கடலூர்ப் பக்கம் என்றால் 2017-ம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டம், அது 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வீடு புதுச்சேரிப் பக்கம் என்றால் அந்தச் சட்டம் செல்லாது, அங்கே 1969-ம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் இரண்டு உலகம்.

முற்றம் வைத்த வீட்டை நான் கைகழுவிவிட்டேன். புதுச்சேரிக்காரிக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மனை வாங்கி நாமே கட்டினால்?

இது நெய்வேலிக்காரியின் யோசனை. பணிக்கொடை வரப்போகிறது, வாழ்நாளில் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் என்கிற ஏக்கம். பாகூர்ப் பக்கம் ஏரிக்காற்று வரும் இடத்தில் ஒரு மனை, அதில் நாலு சின்ன வீடு, நடுவே ஒரு கூடம். காகிதத்தில் இதைவிட நல்ல வழி கிடையாது. நாலு கதவும் உண்டு, ஒரு முற்றமும் உண்டு.

உலகத்தில் இதைச் செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் 1972-லேயே நண்பர்களும் குடும்பங்களும் சேர்ந்து தனித்தனி வீடும் பொதுக்கூடமுமாகக் கட்டிக்கொண்டார்கள். புதுச்சேரிக்காரியின் மகன் பாரிஸ் பக்கத்தில் மோன்த்ரேய் என்ற ஊரில் வயதான பெண்களே சேர்ந்து நடத்தும் ஒரு குடியிருப்பைப் பற்றி எழுதியிருந்தான். பாபாயாகா இல்லம் என்று பெயர், அதாவது சூனியக்கிழவிகள் இல்லம். பெயரே எங்களுக்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொருத்திக்கும் தனிச் சிறு வீடு, பொதுவாகக் கூடுவதற்கு இடம். தெரேஸ் கிளேர் என்கிற பெண்ணியவாதி முன்நின்று செய்தது. யோசனை பிறந்து கதவு திறக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது என்று படித்ததும் நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பத்து வருஷம் கழித்து எங்களுக்கு எழுபத்தொன்று.

காலத்தை விடுங்கள், சட்டத்தைப் பார்ப்போம். இங்கேதான் நான் ஒரு வழக்கறிஞர் முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் நான் புரிந்துகொண்டது இது.

நாலு பேர் பெயரில் ஒரே பத்திரம் எழுதி மனை வாங்கினால் ஆளுக்குக் கால் பங்கு. அந்தக் கால் பங்கு எந்த மூலை என்று மண்ணில் கோடு போட்டிருக்காது, எல்லா இடத்திலும் எல்லாருக்கும் பங்கு. சொத்து மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 44-ன்படி ஒரு பங்காளி மற்றவர்களைக் கேட்காமலே தன் பங்கை வெளியாளுக்கு விற்கலாம். கூட்டுக்குடும்ப வீடு என்றால் அப்படி வாங்கிய வெளியாள் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது. பாகப்பிரிவினைச் சட்டம் 1893, பிரிவு 4-ன்படி, அந்த வெளியாள் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் குடும்பத்தாரே மதிப்புப் போட்டு அவர் பங்கை வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டு பாதுகாப்பும் பிரிபடாத குடும்பத்துக்குத்தான். நாங்கள் குடும்பம் இல்லை. வாடகை வீட்டுக்காரரிடம் அக்கா தங்கை என்று சொல்லிச் சமாளிக்கலாம், நீதிமன்றத்தில் அது எடுபடாது.

விற்கவே கூடாது என்று எங்களுக்குள் எழுதிக்கொண்டால்? ஒருவர் தன் சொத்தை மாற்றிக்கொடுப்பதற்கு முழுத்தடை போடும் நிபந்தனை செல்லாது என்று அதே சட்டத்தின் பிரிவு 10 சொல்கிறது. விற்பதானால் முதலில் எங்களிடம் கேட்க வேண்டும், இத்தனை நாளில் நாங்கள் பதில் சொல்லாவிட்டால் வெளியே விற்கலாம் என்று எழுதிக்கொள்வது வேறு விஷயம், அதற்கு இடம் உண்டு. விலையை யார் மதிப்பிடுவது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

விற்பதைவிடப் பெரிய சிக்கல் சாவு. உயில் எழுதாமல் நான் போனால் என் பங்கு என் பிள்ளைகளுக்கு. அவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் வேறு ஊரில் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, பாகூரில் மூன்று கிழவிகள் நடுவே கால் பங்கு மண் எதற்கு? பணமாக்கித்தான் பார்ப்பான், அதில் தப்பு சொல்ல முடியாது. நெய்வேலிக்காரி போனால் இன்னும் விநோதம். கணவர், பிள்ளை இல்லாத பெண்ணின் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா அப்பாவுக்கு, அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். அதாவது இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன்மார்கள் எங்கள் கூடத்துக்குப் பங்காளிகளாக வந்து உட்காருவார்கள். இதைச் சொன்னபோதுதான் அவள் முகம் முதல் முறையாக மாறியது.

உயிலில் ஒரு வழி இருக்கிறது. என் பங்கை என் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு, மற்ற தோழிகள் உயிரோடு இருக்கும்வரை அங்கே குடியிருந்து அனுபவிக்கும் உரிமையை அவர்களுக்கு வைக்கலாம். நான்கு பேரும் ஒரே மாதிரி உயில் எழுத வேண்டும், ஒருத்தியும் பிறகு ரகசியமாக மாற்றி எழுதக் கூடாது. உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் சட்டம். அதாவது திரும்பவும் நம்பிக்கையில்தான் வந்து நிற்கிறது.

மனையைச் சட்டப்படி நாலாகப் பிரித்து ஆளுக்கொரு பத்திரம் போட்டுக்கொள்வது இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் பாதை வேண்டும், அங்கீகாரம் வேண்டும். தமிழ்நாட்டு மண் என்றால் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம், புதுச்சேரி மண் என்றால் நகர அமைப்புக் குழுமம். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் எந்தக் கிராமம் எந்த அரசுக்கு என்று பஸ் கண்டக்டருக்கே சந்தேகம் வரும் நிலப்பரப்பு இது, இரண்டு ஊர் எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். போதாததற்குப் பணம். உறவில்லாத நாலு பேர் சேர்ந்து கேட்டால் வங்கிகள் பெரும்பாலும் வீட்டுக்கடன் தருவதில்லை, அதிலும் ஓய்வு பெற்றவர்கள். கையில் இருக்கும் மொத்தத்தையும் சுவரில் பூசிவிட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிள்ளையிடம் கை நீட்டுவதா?

இங்கே ஆரோவில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கியது, எங்களில் மூன்று பேருக்கு அப்போது வயது நான்குகூட ஆகவில்லை. நண்பர்கள் சேர்ந்து வாழ்வது என்ற பேச்சு வந்தாலே இந்தப் பக்கத்தில் ஒருவராவது ஆரோவில் என்பார்கள். அங்கே சொத்துத் தகராறுக்கு அவர்கள் கண்ட விடை, சொத்தே யாருக்கும் இல்லை என்பது. 1988-ல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டத்தின் கீழ் நிலமும் கட்டடமும் அறக்கட்டளைக்குச் சொந்தம். நீங்கள் பணம் போட்டு வீடு கட்டினாலும் விட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போக முடியாது. ஐம்பதாயிரம் பேருக்கென்று திட்டமிட்ட ஊரில் இன்றும் சில ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் பல. ஆனால் "உன்னுடையது என்று எதுவும் இல்லை" என்பதை ஏற்க ஒரு சாதகர் மனம் வேண்டும். எங்களில் ஒருத்திக்கும் அது கிடையாது. பண்ருட்டிக்காரி தன் எவர்சில்வர் டம்ளரில் வேறு யாராவது காபி குடித்தாலே முகம் சுளிப்பாள்.

காசு கட்டிப் போகும் இடங்கள்

முதியோருக்கென்று கட்டிய குடியிருப்புகள் இரண்டு பார்த்தோம். சுத்தம், சாப்பாடு, கைப்பிடி வைத்த குளியலறை, கூப்பிட்டால் நர்ஸ். எண்பது வயதில் நானே போய்ச் சேர்ந்துகொள்வேன். இப்போது வேண்டாம். முன்பணம் பெரிசு, அது திரும்பி வரும் கணக்கு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, நாலு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை தருவதாக யாரும் உறுதி சொல்லவில்லை. தோழிகளோடு இருக்க வேண்டும் என்றுதானே கிளம்பினோம்.

அவரவர் வீட்டிலேயே இருந்துகொண்டு வாரம் ஒருமுறை சந்திப்பது என்ற வழியையும் நேர்மையாக எழுதிவைத்தேன். செலவே இல்லை. ஆனால் ஃபெஞ்சல் ராத்திரி வாரத்தில் எந்த நாள் பார்த்து வந்தது?

ஒரே மாடிப்படி, நாலு வீடு

மிச்சம் இருப்பது இதுதான். ஒரு சின்ன அபார்ட்மென்டில் ஆளுக்கொரு ஃபிளாட், வாடகைக்கு. கேட்கும்போது சப்பென்று இருக்கும். முற்றம் இல்லை, தூண் இல்லை, மகனுக்கு அனுப்பப் படமெடுக்க ஒன்றும் இல்லை. ஆனால் நோட்டில் நான் எழுதிவைத்த இரண்டு கேள்விக்கும் இது ஒன்றுதான் பதில் சொல்கிறது. கதவு நாலு. ஒருத்தி விலகினால் அவளுடைய ஒப்பந்தம் முடியும், மற்றவர்களுடையது அப்படியே இருக்கும்.

இந்த வழிக்குப் புதுச்சேரியிலேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு என்று புதுச்சேரிக்காரிக்குச் சொல்லித்தான் அவளைக் கொஞ்சம் இறக்கினேன். 1908-ல் பாரதியார் இங்கே வந்து பத்து வருஷம் இருந்தார். 1910-ல் அரவிந்தரும் வந்தார், வ.வே.சு. ஐயரும் வந்தார். போலீஸ் ஒற்றர்கள் வாசலில், கையில் காசில்லை, ஒரே வீட்டில் இருந்துவிட எல்லா நியாயமும் இருந்தது. ஆனாலும் தனித்தனி வீட்டில்தான் இருந்தார்கள், மாலையானால் கூடிப் பேசினார்கள். பாரதி ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீட்டில் தன் சத்தத்தில் பாடிக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் அரவிந்தர் தியானம் செய்ய முடியுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

காசுக் கணக்கிலும் இது தோற்கவில்லை. கடலூரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டுக்கு எங்களுக்குச் சொன்ன வாடகை எட்டிலிருந்து பத்தாயிரம். நாலு பேருக்குக் கூட்டினால் முற்றத்து வீட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம், அட்வான்ஸ் குறைவு. கரண்ட் கட்டணத்தை நான் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இலவசம், ஐந்நூறைத் தாண்டினால் விகிதமே ஏறிவிடும். நாலு பேர் ஒரே மீட்டரில் ஏ.சி. போட்டால் சித்திரையில் ஐந்நூறு பத்தே நாளில் போய்விடும். நாலு மீட்டர் என்றால் நாலு நூறு இலவசம். ரேஷன் அட்டை தனி, கேஸ் தனி, அவரவர் பெயரில் விலாசம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதும் கடலூர்க் கணக்கில்தான் சேரும்.

புதுச்சேரிப் பக்கம் தட்டில் வைக்க ஒரே ஒரு பெரிய கல் இருக்கிறது, ஜிப்மர் மருத்துவமனை. அது இருக்கும் கோரிமேடு கடலூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் கிட்ட. மாரடைப்பு வந்த ராத்திரியில் அது நீண்ட தூரம். இதை வைத்து லாஸ்பேட்டையில் பார்க்கலாம் என்று நெய்வேலிக்காரி நின்றாள். அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் லாஸ்பேட்டையில் ஒரே கட்டடத்தில் நாலு ஃபிளாட் காலியாகக் காத்திருக்கவில்லை, வாடகையும் ஒன்றரை மடங்கு. முதல் அவசரத்துக்கு மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இதில் முழுத் திருப்தி எனக்கும் இல்லை.

எந்த ஊராக இருந்தாலும் கட்டடத்தின் தரைத்தளம் எந்த உயரத்தில் எழும்பியிருக்கிறது என்று பாருங்கள். கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே குடியிருக்கிறோம், மேலே சாத்தனூர் அணை திறந்தால் கீழே எங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

எங்களுக்குக் கடலூர் செம்மண்டலத்தில் ஒரு கட்டடம் அமைந்தது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, சாலை மட்டத்திலிருந்து நாலு படி ஏறித்தான் தரைத்தளம். தரைத்தளத்தில் பண்ருட்டிக்காரியும் அவள் கணவரும், முட்டிக்காக. முதல் மாடியில் எதிரெதிரே நானும் புதுச்சேரிக்காரியும். இரண்டாவது மாடி நெய்வேலிக்காரிக்கு, அவளுக்குப் படி ஏறுவது ஒரு பெருமை. மொட்டை மாடி பொது, துணி உலர்த்த, வடகம் பிழிய, சாயங்காலம் பாய் விரிக்க.

எழுதிக்கொண்ட விதிகள் நோட்டில் ஒரு பக்கம்கூட வரவில்லை. மதியச் சாப்பாடு மட்டும் பொது, ஒரு சமையல்காரம்மா வைத்து, சம்பளமும் மளிகையும் தலைக்கு இவ்வளவு என்று ஐந்தாகப் பிரிப்பது. காலையும் ராத்திரியும் அவரவர் பாடு. ஒருவர் சாவி இன்னொருவரிடம். கதவு சாத்தியிருந்தால் தட்ட வேண்டும், தட்டித் திறக்கவில்லை என்றால் கோபித்துக்கொள்ளக் கூடாது. காலை எட்டுக்குள் ஜன்னல் திறக்காவிட்டால் மட்டும் கேட்காமலே சாவி போட்டுத் திறந்து பார்க்கலாம். படுக்கையில் விழுந்தால் ஒரு மாதம் வரை நாங்கள் பார்ப்போம், அதற்கு மேல் பிள்ளைகளைக் கூப்பிடுவோம். இந்த விதிக்குத்தான் நிறைய நேரம் பிடித்தது. நெய்வேலிக்காரிக்குக் கூப்பிட யாரும் இல்லை. அவளுக்கு மட்டும் அந்த வரியில் வேறு மாதிரி எழுதினோம், அதை இங்கே எழுதப் போவதில்லை.

என் புதுப்பாளையத்து வீட்டை வாடகைக்கு விடுகிறேன், விற்கவில்லை. ரெயின்போ நகர் வீட்டையும் அவள் விற்கவில்லை. ஒரு வருஷம் கழித்து உட்கார்ந்து பேசுவது, அன்றைக்கு யார் வேண்டாமென்றாலும் காரணம் கேட்பதில்லை என்று பேச்சு. நெய்வேலிக்காரிக்கு மட்டும் திரும்பிப் போக வீடில்லை என்பதால் அவளுடைய ஒப்பந்தத்தை மட்டும் மூன்று வருஷத்துக்குப் போடச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பண்ருட்டிக்காரியின் கணவர் இத்தனை நாள் பேச்சிலும் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். அந்தப் பெரிய இட்லிக் குண்டான் யார் வீட்டில் இருக்கும் என்று கேட்டார். நடு மாடி என்பதால் என் வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். தேய்க்கிறதும் நீதான் என்று உடனே சேர்த்துக்கொண்டார்கள்.